வாவ் மேடை

ஜூன் 9, செவ்வாய்

இன்று காலை முழுவதும் நடுவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். மேடையில் யாரும் இல்லை. மூன்று பேரும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எதிரே ஸ்டாண்டில் சொருகியிருந்த ஒரு துடைப்பத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். கன்னத்தில் கை வைத்தார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டி "வாவ்" என்றார்கள். இப்படி மொத்தமாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் நிகழ்ச்சியில் எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். இடையிடையே பெண் நடுவர் காலை உணவின் ஏப்பத்தைக் கைக்குட்டைக்குள் விட்டுக்கொண்டிருந்தார். ஏசிக் காற்றில் முந்தாநாள் பிரியாணிப் பொட்டலங்களின் வாடை.

நான் இந்த 'வாவ் மேடை' டி.வி. போட்டியில் எழுத்தாளர். போட்டியாளர்களின் வீட்டுக்குப் போய், அவர்கள் பட்ட கஷ்டங்களைக் கேட்டு, எழுதிக்கொண்டு வந்து கொடுப்பதுதான் என் எழுத்து. பழைய வேலை போனபின் ஐந்து மாதம் வீட்டில் இருந்துவிட்டு இதில் சேர்ந்தேன். நிகழ்ச்சியின் தலைமையாள் நிரஞ்சனுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. மதியம் கூப்பிட்டு, தொடக்கத்தில் தொகுப்பாளர் பேச இரண்டு நிமிடம் எழுதித் தரச் சொன்னான். 'வாவ்' என்றால் என்ன, எங்கிருந்து வந்தது, எப்படிச் சொல்கிறோம். "நீங்கதான் தமிழ் எம்.ஏ. ஆச்சே தாட்சா" என்றான். தாட்சாயணி என்று முழுதாக என்னைக் கூப்பிட அங்கே யாருக்கும் நேரமில்லை.

ஜூன் 11, வியாழன்

அகராதிகளோடு உட்கார்ந்தேன். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பு கூசும். தோசை படத்துக்கு வாவ், யாரோ கார் வாங்கினால் வாவ், போன மாதம் பல் டாக்டர் என் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு வாவ். அதைச் சொல்கிற யார் முகத்திலும் வியப்பைப் பார்த்ததில்லை.

ஆனால் கதை நான் நினைத்ததுபோல் இல்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே சொல்லியிருக்கிறார்கள். யாரும் உட்கார்ந்து உண்டாக்கியதில்லையாம். நம் 'ஐயோ' மாதிரி வாயிலிருந்து தானாக வந்த சத்தம். அவர்கள் வியப்புக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளவில்லை. துக்கம் வந்தாலும் அதுதான். இரக்கப்பட்டாலும் அதுதான். அருவருத்தாலும் அதுதான். கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன் அமெரிக்க நாடகக்காரர்கள் கையில் சிக்கிய பிறகு, கூட்டம் அலைமோதிய நாடகத்துக்கு அது பெயராயிற்று. பிறகு வினைச்சொல்லும் ஆயிற்று. கூட்டத்தை வாவ் செய்வது. வித்தைக்காரன் தொப்பிக்குள் போன சொல்லுக்குத் துக்கம் எதற்கு?

எங்கள் பக்கத்து 'ஆத்தாடி'யும் இப்படித்தான். பயமா, வியப்பா, வெறுப்பா என்று குரலைக் கேட்டால்தான் தெரியும். கல்லூரியில் எட்டு மெய்ப்பாடுகளை மனப்பாடம் செய்தபோது அருவருப்பும் வியப்பும் அடுத்தடுத்து வரும். ஏன் பக்கத்தில் வைத்தார்கள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

நாளை மாலை ரயில். ராஜபாளையம்.

ஜூன் 13, சனி

வடிவு என்ற பெண்ணின் வீட்டில் பகல் முழுவதும் இருந்தேன். இருபது வயது. பலகுரல் கலைஞர் என்று நிகழ்ச்சியில் போடுவார்கள். ஆனால் சினிமா நடிகர்களின் குரலை அவள் தொடுவதே இல்லை. ரேஷன் கடைக்காரர், மினி பஸ் கண்டக்டர், போன் எடுக்காவிட்டால் வரும் பதிவுக்குரல், மூக்கடைத்த பக்கத்து வீட்டுக் குழந்தை. எனக்குக் கதவைத் திறந்துவிட்ட ஐந்தாவது நிமிடம் என் குரலிலேயே "தண்ணி மட்டும் போதும்" என்றாள். என் குரலில் இவ்வளவு அலட்டல் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

அவள் அம்மா இசக்கியம்மா. மருந்துக் கட்டுத் துணி நெய்யும் பட்டறையில் வேலை. இன்று அரை நாள் விடுப்பு. ஒற்றை அறை, அதற்குள்ளேயே அடுப்பு. கதவின் உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாள், அதற்கும் மேலே ஒரு இரும்புப் பட்டை. வடிவு கடைக்குப் போனபோது பூண்டு உரித்துக்கொண்டே இசக்கியம்மா பேசினார். வள்ளியூர் பக்கத்தில் கல்யாணம். கணவர் பெயர் செல்லத்துரை. அவர் அடித்ததில் தோளில் விழுந்த ஒரு தழும்பைக் காட்டினார். வடிவு நாலாம் வகுப்பு படிக்கும்போது, பள்ளி விட்ட நேரத்தில் வாசலிலிருந்தே இசக்கியம்மா அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாராம். வீட்டுக்குத் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து அந்த ஊரின் பெயரை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. எனக்குத்தான் முதலில் சொல்கிறார்.

"யாருகிட்டயாவது ஒரு தடவ சொல்லணும்னு இருந்துச்சும்மா. இது உங்களோட இருக்கட்டும்" என்றார்.

மதியம் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். புளிக்குழம்பும் சுட்ட அப்பளமும். நான் இரண்டு முறை போட்டுக்கொண்டேன்.

ஜூன் 14, ஞாயிறு

வடிவைப் பற்றிய குறிப்பை அனுப்பிவிட்டேன். 'பின்னணி செம' என்று நிரஞ்சன் பதில் போட்டிருக்கிறான். தலைக்குக் குளித்தேன்.

ஜூன் 17, புதன்

இரண்டு நிமிட உரையை எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினேன். ஸ்காட்லாந்து பிடித்திருந்தது. 'துக்கத்துக்கும் அருவருப்புக்கும்' என்ற இடத்தில் நிரஞ்சன் கையைத் தூக்கினான். நெகட்டிவ் வேண்டாம், வெட்டிவிடுங்கள் என்றான். வெட்டிவிட்டேன். மிச்சமிருந்தது பல்பொடி விளம்பரம் மாதிரி பளபளவென்று இருந்தது. தொகுப்பாளர் அதை மனப்பாடம் செய்துகொண்டு நடந்த விதம்! ஒவ்வொரு தடவையும் 'ஸ்காட்லாந்து' என்ற இடத்தில் ஒரு புருவத்தைத் தூக்கினார்.

ஒலிப்பதிவாளர் டேவிட்சன் மட்டும் பின்னால் உட்கார்ந்து சிரித்தார். அவர் தொழிலிலும் அந்தச் சொல் உண்டாம். பழைய டேப் ஓடுகிற வேகம் சீராக இல்லாமல், பாடுகிறவர் குரல் மெல்ல ஏறி இறங்கி அழுகுரல் மாதிரி கேட்கும் பழுதுக்குப் பெயர் வாவ். அதையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். நிரஞ்சன் அதற்குள் போனில் பேச ஆரம்பித்திருந்தான்.

வெளியே வந்து, மறந்து வைத்த கண்ணாடியை எடுக்கத் திரும்பிப் போனபோது, அறையில் பேச்சு சட்டென்று நின்றது.

ஜூன் 20, சனி

அவர்கள் செல்லத்துரையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எப்படியோ. டி.வி.க்காரர்களுக்கு ஆள் தேடுவது கஷ்டமில்லை.

நிரஞ்சனே சொன்னான். இந்த வாரத்துக்கான சர்ப்ரைஸ். பதினோரு வருடம் கழித்து அப்பாவும் மகளும் மேடையில். அவள் உறைந்து நிற்பாள், பிறகு ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள், நடுவர்கள் அழுவார்கள். அவர் அடிக்கிறவர் என்று நான் சொன்னேன். அவர் குடியை விட்டுவிட்டாராம், மனம் திருந்திவிட்டாராம், வீடியோ காலில் அழுதாராம். "நாம ஒரு குடும்பத்த சேத்து வைக்கிறோம் தாட்சா" என்றான். அவன் உதட்டோரம் லஸ்ஸி நுரை காய்ந்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளை வடிவுக்குப் போன் செய்து சொல்லிவிட வேண்டும். செவ்வாய்க்கிழமைதான் படப்பிடிப்பு. நேரம் இருக்கிறது.

ஜூன் 21, ஞாயிறு

போன் செய்தேன். ஒரு தடவை மணி அடித்தது, எடுக்கவில்லை. ரயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள். போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். ஞாயிறு என்பதால் மீன் நன்றாகக் கிடைத்தது.

ஜூன் 22, திங்கள்

லாட்ஜில் அவர்களைப் பார்த்தேன். கூடவே உடை எடுக்கும் பெண்களும் இருந்தார்கள். பேச முடியவில்லை. இசக்கியம்மா எனக்கென்று வீட்டிலிருந்து பூண்டு ஊறுகாய் கொண்டுவந்திருந்தார்.

ஜூன் 23, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

வடிவு நன்றாகச் செய்தாள். ரேஷன் கடை வரிசை முழுவதையும் ஒற்றை ஆளாக நின்று பேசினாள். பார்வையாளர் பகுதியில் கூலிக்கு உட்கார்ந்திருந்தவர்கள்கூட யாரும் சொல்லாமலே சிரித்தார்கள். முதல் வரிசையில் இசக்கியம்மா. சேனல் எடுத்துக் கொடுத்த பச்சைப் புடவையில், கூச்சத்தோடு, கையை மடியில் வைத்துக்கொண்டு.

முடிந்ததும் தொகுப்பாளர் குரலைத் தாழ்த்தி, உனக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கிறது என்றார். விளக்குகள் அணைந்தன. புகை விட்டார்கள். பின்னாலிருந்த திரை பிரிந்து செல்லத்துரை வந்தார். ஒல்லியான, சின்ன ஆள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. கையில் பூங்கொத்து. எங்கே நிற்க வேண்டும் என்று காலையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் போல, தரையில் ஒட்டியிருந்த குறியைத் தேடிக் குனிந்து பார்த்து, அதன்மேல் சரியாக நின்றார்.

"அப்பா வந்துருக்கேன் தாயி" என்றார்.

வடிவு உறைந்து நின்றாள். அதுவரை நிரஞ்சன் சொன்னபடிதான் நடந்தது. கேமரா அவள் முகத்துக்கு மிகக் கிட்டத்தில் போயிற்று. அவள் ஓடவில்லை. மைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள். பேசியபோது வந்தது அவள் குரல் இல்லை. கனத்த, நாக்குக் குழறின ஆண்குரல். அந்தச் சின்ன ஆளுக்குள் ஒரு காலத்தில் இருந்த குரல்.

"ஏட்டி இசக்கி. கதவத் தொறக்கியா, இல்ல மண்ணெண்ணெய ஊத்திக் கொளுத்தட்டா? பிள்ளைய எங்கட்டி ஒளிச்சு வச்சிருக்க?"

உரக்கச் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே நின்று சொல்வதுபோல் சொன்னாள்.

நான் முதல் வரிசையைப் பார்த்தேன். இசக்கியம்மா நாற்காலியில் இல்லை. நாற்காலிக்கும் தடுப்புக் கம்பிக்கும் இடையில் தரையில் சுருண்டு, முந்தானையைத் தலைமேல் இழுத்து மூடியிருந்தார். அந்தக் குரல் கேட்டதும் உடம்பு தானாகவே அங்கே போய்விட்டது.

அப்போது ஃப்ளோர் மேனேஜர் கையை உயர்த்திச் சுழற்றினார். கைதட்டும்படி சைகை. எல்லோரும் தட்டினார்கள். இதுவும் நிகழ்ச்சி என்றுதான் நினைத்தார்கள். நடுவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, மைக்கில், நீளமாக, "வாவ்" என்றார்.

வடிவு மைக்கைத் தரையில் வைத்துவிட்டு இறங்கிப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். செல்லத்துரை குறியின்மேலேயே நின்றார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. எப்போது அதை எடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவருக்கு வெட்கமா, கோபமா, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பூங்கொத்தின் காம்புகளை மட்டும் ஒவ்வொன்றாக ஒடித்துக்கொண்டிருந்தார்.

கழிப்பறைக்குப் போய் வாந்தியெடுத்தேன். பக்கத்துக் கண்ணாடி முன்னால் பெண் நடுவர் கண் மையைச் சரிசெய்துகொண்டே, அந்தப் பெண்ணுக்கு என்ன திறமை பார்த்தீர்களா என்று என்னிடம் கேட்டார்.

ஜூன் 24, புதன்

அவர்கள் நேற்றே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். லாட்ஜ் அறையில் பச்சைப் புடவையை மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

எடிட்டிங் அறையில் நிரஞ்சன் ஒரே உற்சாகம். அழுகையைவிட இது நூறு மடங்கு என்கிறான். முன்னோட்டம் மாலையே வெளியாகிவிட்டது. வடிவின் முகம், அப்பாவின் முகம், புகை, அந்த நீண்ட வாவ். கீழே எழுத்தில் 'ராஜபாளையம் மகளின் ரகசியம்'. என் போனுக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டு லதா, உங்கள் நிகழ்ச்சிதானே, புல்லரித்துவிட்டது என்றாள். அவளிடம் தயிருக்கு உறை வாங்கப் போனேன். வாங்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 27, சனி

முழு நிகழ்ச்சி நாளை மறுநாள் ஒளிபரப்பாக வேண்டும். அடுத்த சுற்றுக்கு வடிவு வரமாட்டேன் என்கிறாளாம். என்னை அவளிடம் பேசச் சொன்னான் நிரஞ்சன். உங்கள்மேல் அவர்களுக்கு நம்பிக்கை இருக்கிறது என்றான்.

போன் செய்தேன். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தார்கள். வடிவுதான். செல்லத்துரை நேற்று பட்டறை வாசலுக்கு வந்தாராம். முன்னோட்டத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு வந்து விசாரித்திருக்கிறார். சண்டை போடவில்லை. வேலை விட்டு இசக்கியம்மா வெளியே வருகிறவரை எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். வந்ததும் எழுந்து, வீட்டுத் தெருமுனை வரை பின்னாலேயே நடந்தார். அவ்வளவுதான். இன்று அம்மா வேலைக்குப் போகவில்லை.

"அக்கா, எங்க பழைய ஊரு பேரு டி.வி.க்காரங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று வடிவு கேட்டாள்.

லைன் சரியாக இல்லை என்றேன். உண்மையிலேயே கொஞ்சம் இரைச்சல் இருந்தது.

ஜூன் 28, ஞாயிறு

நிரஞ்சனின் வீட்டுக்கே போனேன். அவன் மகளுக்குப் பிறந்தநாள். பலூன்களுக்கு நடுவில் நின்று சொன்னேன். வடிவிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, ஒளிபரப்பினால் நானே போலீசில் போய்ச் சொல்வேன் என்று. அவன் அவசரப்படவில்லை. கேக் தட்டோடு என்னை பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான்.

"போய்ச் சொல்லுங்க. வள்ளியூர்னு யாரு எழுதிக் குடுத்தாங்கன்னும் சேத்துச் சொல்லுங்க."

கேக்கில் நீலக் கிரீம். அவன் பல்லிலும் நீலம். அதற்குமேல் அங்கே நிற்க எனக்குப் பிடிக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போதே வடிவுக்கு மறுபடி போன் செய்தேன். இந்தத் தடவை அவள் கேட்காமலே சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாளைக்கு இங்கே மகளிர் காவல் நிலையத்துக்குப் போகப்போகிறோம், நீங்கள் வருவீர்களா என்றாள். தன் சொந்தக் குரலில்தான் கேட்டாள். வேறு யார் குரலிலாவது கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூன் 29, திங்கள்

ராஜபாளையம். ஆய்வாளர் அம்மா பொறுமையாகக் கேட்டார். வடிவு பேசினாள். இசக்கியம்மா தழும்பைக் காட்டினார். பிறகு ஆய்வாளர் என்னைக் கேட்டார். கேட்டதையெல்லாம் சொன்னேன். கேட்காததையும். சொல்லும்போது இசக்கியம்மா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து சேனலுக்குப் போன் போயிற்று. மாலைக்குள் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் போன வருடத்து நடனம் ஒன்றைப் போட்டார்களாம். நடுவர்களின் ஆச்சரியத்தை மட்டும் மாற்றவில்லை என்று டேவிட்சன் சொன்னார். செல்லத்துரையைக் கூப்பிட்டு எச்சரித்திருக்கிறார்கள். அவர் கைகட்டி நின்று, சரிம்மா சரிம்மா என்றாராம். முன்னோட்டத்தை யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை. அது எல்லோர் போனிலும் இருக்கிறது.

இனி எனக்கு அங்கே வேலை இல்லை என்று குறுஞ்செய்தி வந்தது. நன்றி என்று ஒரு கைகூப்பும் படம் சேர்த்திருந்தார்கள்.

ஜூலை 2, வியாழன்

நேற்று இரவில் வடிவு வீட்டுக் கதவை யாரோ தட்டினார்களாம். திறந்து பார்த்தால் ஆள் இல்லை. வாசலில் ஒரு பூங்கொத்து இருந்தது என்று அவள் சொன்னாள். ஆய்வாளர் மறுபடி ஆளைத் தேடுகிறார். இவர்கள் காத்திருக்கப்போவதில்லை. வீட்டை மாற்றுகிறார்கள். ஊரையே மாற்றுகிறார்கள்.

ஜூலை 5, ஞாயிறு

கூப்பிடாமலே போனேன். சாமான் ஏற்ற ஒரு ஆள் கூடுதலாக இருக்கட்டுமே என்றுதான்.

சின்ன லாரி. ஏற்றுவதற்கும் அதிகமில்லை. ஒரு பீரோ, கட்டில், தையல் மிஷின், பாத்திர மூட்டைகள். இசக்கியம்மா கடைசியாக ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து, கதவிலிருந்த இரும்புப் பட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். துருப்பிடித்திருந்தது. நான் பிடித்துக்கொள்ள, அவர் திருகினார். கழன்று வந்ததும் அதைப் புடவைத் துணியில் சுற்றி, பாத்திர மூட்டைக்குள் வைத்தார்.

வடிவு லாரியில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கை காட்டினாள். சிரிக்கவில்லை. இனி பலகுரல் செய்வாயா என்று கேட்க நினைத்தேன். கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். போய்ச் சேர்ந்ததும் ஒரு முறை வந்து பார்க்கிறேன், ஏதாவது உதவி வேண்டுமானால் செய்கிறேன் என்றேன். இசக்கியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பட்டறையில் காய்ப்புக் காய்ச்சின உள்ளங்கை. கோபம் இல்லாத கை. அதுதான் தாங்கவில்லை.

"உங்ககிட்ட மட்டும் சொல்லமாட்டேம்மா. கோவிச்சுக்கிடாதீய."

கோபமில்லை என்றேன்.

லாரி தெருவழியாக மெயின் ரோட்டை நோக்கிப் போயிற்று. அங்கே வலப்பக்கம் திரும்பினால் தென்காசி, இடப்பக்கம் மதுரை. நான் நின்ற இடத்திலிருந்து அந்த முக்கு நன்றாகவே தெரியும். லாரி வேகம் குறைவது கேட்டது. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டேன். சத்தம் முழுவதும் அடங்குகிறவரை அப்படியே நின்றேன்.